கனகத்தின் பெயரில் ஒரு வாரண்ட்

1

அடிலெய்டில் நான் பார்க்கிற வேலை, குடியேற வருகிறவர்களின் நெஞ்சை எக்ஸ்ரே எடுப்பது. விசாவுக்கு விண்ணப்பித்தவர்கள் மருத்துவப் பரிசோதனைக்கு வரும் கிளினிக் எங்களுடையது. படம் எடுப்பதற்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. பாஸ்போர்ட்டை வாங்கி அதிலுள்ள முகத்தைப் பார்க்க வேண்டும், எதிரில் நிற்கிற முகத்தைப் பார்க்க வேண்டும், மறுபடியும் பாஸ்போர்ட்டைப் பார்க்க வேண்டும். பெயரையும் பிறந்த தேதியையும் அவர்கள் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். பழைய காசநோய்த் தழும்பு உள்ள ஒருவர், தழும்பில்லாத மைத்துனரைத் தனக்குப் பதிலாக அனுப்பிவிடக் கூடாது. அதற்காகத்தான் இவ்வளவும்.

எனக்கு இதில் எப்போதும் ஒரு எரிச்சல் உண்டு. வந்து நிற்கிறவர்கள் ஏதோ திருடிக்கொண்டு வந்தவர்கள் மாதிரி நிற்பார்கள். மூச்சை இழுத்துப் பிடியுங்கள் என்றால் பிடிப்பார்கள். விடுங்கள் என்ற பிறகும் சிலர் விட மாட்டார்கள். பதினேழு வருடத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் ஒரு கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சட்டை இல்லாமல் நின்றேன். எதற்குப் பயந்தேன் என்று இன்று வரை தெரியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை தேநீர் இடைவேளையில் குடியேற்றத் துறையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அம்மாவை என்னோடு நிரந்தரமாக வைத்துக்கொள்ள நான் போட்டிருந்த விண்ணப்பம் வருடக்கணக்காக வரிசையில் கிடந்தது. இப்போது முறை வந்துவிட்டது. மருத்துவப் பரிசோதனை, போலீஸ் சான்றிதழ், நடத்தை பற்றிய நீண்ட படிவம் எல்லாம் இருபத்தெட்டு நாளுக்குள் வேண்டும். கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டு அதை நான்கு தடவை வாசித்தேன். சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது என்னவோ ஒரு பதற்றம்தான்.

அம்மாவின் பெயர் எஸ்தர். வயது எழுபத்தொன்று. கேரளத்தில், பாறசாலைக்குப் பக்கத்தில், குளத்தூர் பஞ்சாயத்தில் எங்கள் வீடு. பின்பக்கத்து வாய்க்காலைத் தாண்டினால் தமிழ்நாடு. அப்பா போன பிறகு ஒன்பது வருடமாக அம்மா தனியாக இருக்கிறாள். தனியாக என்று சொல்வதும் சரியில்லை, அடுத்த வீட்டில் கனகம் மாமி உண்டு. சென்ற வருடம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தபோது, கொண்டியை உடைத்து உள்ளே போய், ஆட்டோ பிடித்து, காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது மாமிதான். நான் அன்றைக்கு எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் வேறு யாருடைய நெஞ்சையோ படம் எடுத்துக்கொண்டிருந்தேன். 

2

மருத்துவப் பரிசோதனை முதல் வாரத்திலேயே முடிந்தது. திருவனந்தபுரத்துக்கு கனகம் மாமியும் கூடப் போயிருந்தாள். ரத்தம், சிறுநீர், நெஞ்சு எல்லாம் ஒழுங்கு. அம்மாவுக்குத்தான் திருப்தி இல்லை.

"கழுத்துல கெடந்த மாலைய கழத்தச் சொன்னான். மூச்ச பிடிக்கச் சொன்னான். அவ்வளவுதான், போங்கன்னான். எலே, இதுக்கா நீ இவ்வளவு படிச்ச?"

அடுத்தது படிவம். ஒரு சனிக்கிழமை பிற்பகல், ஊரில் அப்போது காலை, வீடியோவில் அம்மாவைக் கூப்பிட்டேன். தட்டச்சு செய்ய என் மகள் ஆன்சியை உட்கார வைத்தேன். அவளுக்குப் பதினைந்து வயது. தமிழ் காதில் விழுந்தால் புரியும், வாயில் வராது. அம்மா சொல்வதை நான் அவளுக்குச் சொல்வேன், அவள் ஆங்கிலத்தில் அடிப்பாள், அதை நான் திருத்துவேன், என் திருத்தத்தை அவள் திருத்துவாள். என் மனைவி ஷீபா சமையலறையிலிருந்தே எங்கள் மூன்று பேரையும் திருத்திக்கொண்டிருந்தாள்.

முதல் பத்துக் கேள்விகளில் ஆன்சி சிரித்துக்கொண்டேதான் இருந்தாள். கடந்த பத்து வருடத்தில் எங்கெல்லாம் வசித்தீர்கள்? இதே வீடு. அதற்கு முன்னால்? இதே வீடு. எந்தெந்த நாடுகளுக்குப் போனீர்கள்? ஒரு நாடும் இல்லை என்று நான் சொல்லும்போதே அம்மா குறுக்கிட்டாள்.

"களியக்காவிளைச் சந்தைக்குப் போறது எழுதாண்டாமா? அது வேற ஸ்டேட்டாக்கும்."

தாய்மொழி என்ற கட்டத்தில் நான் கொஞ்சம் தயங்கினேன். இந்த ஊரில் மலையாளிகள் சங்கத்துக்குப் போனால் 'நிங்கள் தமிழனல்லே', நீங்கள் தமிழர்தானே, என்பார்கள். தமிழ்ச் சங்கத்தில் நான் வாயைத் திறந்ததும் 'கேரளாவா?' என்பார்கள். இரண்டு பொங்கலுக்கும் மூன்று ஓணத்துக்கும் போய்விட்டு இரண்டையும் நிறுத்திவிட்டேன். அம்மாவுக்கு அந்தக் குழப்பம் எல்லாம் இல்லை. தமிழ் என்றாள், அடுத்த கேள்வி என்ன என்றாள்.

அடுத்த கேள்வி: வேறு ஏதாவது பெயரால் நீங்கள் எப்போதாவது அறியப்பட்டதுண்டா?

நான் தமிழில் கேட்டுவிட்டு, இல்லை என்று அடிக்கச் சொல்ல ஆன்சியின் பக்கம் திரும்பினேன்.  அம்மாவின் முகம் அசையாமல் நின்றது. நெட் போய்விட்டது என்று நினைத்தேன்.

"ஒரு நாள் மட்டும் கனகம்னு இருந்தேன்," என்றாள் அம்மா. "அத எழுதணுமா மக்கா?"

3

இப்போது ஊரில் வளர்கிற பிள்ளைகளுக்கு இது தெரியாது, ஆகவே சொல்லிவிடுகிறேன். எனக்கு நான்கு வயதாக இருந்தபோது தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு அரிசி கொண்டுவரக் கூடாது. தடை. ஆனால் வயிற்றுக்கு மாநிலம் தெரியாதே. எங்கள் பக்கத்துப் பெண்கள் களியக்காவிளைச் சந்தைக்குப் போய் அரிசி வாங்கி, இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற மாதிரி தைத்த துணிப்பையில் நிரப்பி, மேலே சேலையைச் சுற்றிக்கொண்டு வருவார்கள். போகும்போது ஒல்லியாகப் போனவள் வரும்போது ஏழு மாதம் மாதிரி வருவாள். சோதனைச் சாவடியில் நிற்கிறவர்களுக்கும் எல்லாம் தெரியும். சில நாள் விடுவார்கள், சில நாள் பிடிப்பார்கள்.

அம்மா, கனகம் மாமி, இன்னும் மூன்று பேர், ஆக ஐந்து பேர் ஒரு கூட்டம். அவர்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. ஒரு பெயரில் முதல் தடவை பிடிபட்டால் அரிசியைப் பிடுங்கிக்கொண்டு திட்டி அனுப்பிவிடுவார்கள். அதே பெயர் இரண்டாம் தடவை வந்தால் கேஸ். அதனால் பிடிபட்டவள் தன் பெயரைச் சொல்ல மாட்டாள். அன்றைக்குச் சந்தைக்கு வராத இன்னொருத்தியின் பெயரையும் வீட்டுப் பெயரையும் சொல்லிவிட்டு வருவாள். வந்ததும் முதல் வேலையாக, மற்ற நான்கு பேரிடமும் 'இன்னைக்கு இன்னாருக்க பேரு போச்சு' என்று சொல்லிவிட வேண்டும். அப்படிப் போன பெயரை அப்புறம் யாரும் தொடக் கூடாது. ஐந்து பெயரும் தீர்கிற வரைக்கும் ஐந்து பேருக்கும் பயம் இல்லை.

ஒரு வாரம் எனக்குக் காய்ச்சல். அம்மா வீட்டை விட்டு வெளியே வரவில்லை, யாரையும் பார்க்கவும் இல்லை. அந்த வாரம் கூட்டத்தில் இன்னொருத்தி பிடிபட்டு கனகத்தின் பெயரைக் கொடுத்திருந்தாள். அது அம்மாவுக்குத் தெரியாது. காய்ச்சல் விட்டு, எனக்குக் கஞ்சி வைக்க அரிசி வாங்கப் போன அம்மா தனியாக மாட்டிக்கொண்டாள். பெயர் கேட்டார்கள். கனகம் என்றாள். எழுதுகிறவர் நோட்டைப் புரட்டிப் பார்த்தார். பெயர் அங்கே ஏற்கெனவே இருந்தது.

கையெழுத்துப் போடச் சொன்னபோது எழுதத் தெரியாது என்று சொல்லி அம்மா கைநாட்டு வைத்தாள். கோர்ட்டுக்கு வரும்படி சொல்லி அனுப்பினார்கள். அம்மா போகவில்லை. கனகத்திடமும் சொல்லவில்லை. முதலில் வெட்கம், பிறகு பயம், பிறகு அரிசித் தடையும் போய்விட்டது, எல்லாம் மறந்துபோயிற்று.

கேஸ் மறக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்னால் மாமியின் மகள், டப்ளினில் நர்ஸாக இருக்கிற ஷீஜா, முதல் பிரசவத்துக்கு மாமியை அழைத்தாள். மாமி பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தாள். வீட்டுக்கு விசாரிக்க வந்த போலீஸ்காரர் ஒரு வாரம் கழித்து மறுபடியும் வந்து, அந்தப் பக்கத்துக் கோர்ட்டிலிருந்து மாமியின் பெயரில் ஒரு பழைய வாரண்ட் கிடக்கிறது என்றார். அரிசிக் கேஸ். பாஸ்போர்ட் நின்றுபோயிற்று.

மாமிக்கு உடனே விஷயம் புரிந்துவிட்டது. ஐந்து பேரில் மூன்று பேர் போய்ச் சேர்ந்தாகிவிட்டது. மாமி நேராக எங்கள் வீட்டுக்கு வந்து, "எஸ்தரே, நீயா?" என்று கேட்டாள்.

"நான் இல்ல," என்றாள் அம்மா.

அப்போது அம்மாவின் விண்ணப்பம் வரிசையில் இருந்தது. அம்மா சொன்ன காரணம் அதுதான். கோர்ட்டில் போய் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் தீர்ந்துவிடும் என்று மாமிக்குப் பலரும் சொன்னார்கள். செய்யாததைச் செய்தேன் என்று சொல்ல மாட்டேன் என்று மாமி பிடிவாதமாக இருந்துவிட்டாள். ஷீஜா அங்கே ஒற்றைக்குப் பெற்றாள். அந்தக் குழந்தை இப்போது ஓடுகிறது. மாமி அதைப் போனில்தான் பார்த்திருக்கிறாள்.

4

இதையெல்லாம் அம்மா சொல்லி முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. நான் ஆன்சிக்குச் சுருக்கமாகச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்து, "அம்மச்சி ஸ்மக்ளரா?" என்றாள். அந்தப் பெண்ணுக்கு ஊர் மேல் முதல் தடவையாக ஒரு மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மூளை வேறு கணக்கில் ஓடியது. அம்மாவின் பெயரில் எந்த நோட்டிலும் ஒன்றும் கிடையாது. போலீஸ் சான்றிதழ் சுத்தமாக வரும். படிவத்தில் எல்லாக் கட்டத்திலும் இல்லை என்று அடித்தால் மூன்று மாதத்தில் அம்மா இங்கே இருப்பாள்.

"இல்லைன்னு அடி," என்றேன்.

ஆன்சி கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று விரலால் காட்டினாள். பொய்த் தகவல் தருவது குற்றம். "நீங்கள் தினமும் இதைத்தானே பிடிக்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். உன் வேலையைப் பார் என்று கத்தினேன். எழுந்து போய்விட்டாள்.

அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். "பிள்ளைகிட்ட என்னத்துக்கு சாடுற? நான் ஒப்பு போட்டாத்தானே அது போவும். நான் போட மாட்டேன். கனகத்துக்க மொகத்தப் பாத்து ஒரு பொய் சொன்னேன். இனி முன்னப்பின்ன கண்டிராத ஆளுககிட்டயும் சொல்லணுமா? மொதல்ல அந்தக் கேச தீக்கணும். பொறவு போதும் உனக்க பேப்பர்."

"அதத் தீத்தா உங்க பேருல கேஸ் வரும். விசா கிட்டாது."

"வந்தா வரட்டும். எனக்குள்ளதுதானே."

ஒரு வாரம் தினமும் இதே பேச்சு. உள்ளூர் ஸ்டேஷனுக்கு அம்மா தானே நடந்து போய் விசாரித்திருக்கிறாள். அங்கே இருந்தவர், "கேஸ் அவிடத்தெயாணு அம்மச்சி, ஞங்ஙள்க்கு வாரண்ட் மாத்ரமே உள்ளூ," என்று மலையாளத்தில் சொல்லி, தங்களிடம் வாரண்ட் மட்டும்தான் என்று அந்தப் பக்கத்துக் கோர்ட்டைக் காட்டிவிட்டார். அந்தப் பக்கத்தில் ஒரு இளம் பெண் வக்கீலையும் அம்மா கண்டுபிடித்துவிட்டாள். வக்கீலும் சொன்னது ஒன்றுதான். பெயர் யாருடையதோ அவர் வந்து ஒப்புக்கொண்டு போவது எளிது. மற்றதெல்லாம் சுற்று.

இனிச் சொல்லப் போவதை ஷீபாவிடம்கூட நான் சொல்லவில்லை. வக்கீல் அப்படிச் சொன்னதற்கு மறுநாள் கனகம் மாமியை அம்மாவுக்குத் தெரியாமல் கூப்பிட்டேன். கூப்பிட்டு, நடந்ததைச் சொல்லி, நீங்கள் போய் ஒப்புக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். கேட்டுவிட்டு, உங்களுக்கும் பாஸ்போர்ட் கிடைத்துவிடுமே என்றும் சொன்னேன். ஏதோ மாமிக்கு நல்லது செய்கிற மாதிரி.

 "எனக்கு அப்பமே தெரியும் மக்கா," என்றாள் மாமி. "'நான் இல்ல'ன்னு சொன்னவ, உனக்க அம்மை, அது எந்தக் கேசுன்னுகூட கேக்கல்ல. செல்வினே, நீ வெசனப்படாத. நான் போயி சம்மதிச்சு ஒப்பு போட்டுட்டு வாறேன். அவ உனக்ககிட்ட வரட்டும். இஞ்ச இனி ஒரு தடவ விழுந்தா, எனக்கும் கொண்டிய ஒடைக்க பெலம் இல்ல பாத்துக்க."

தன்னுடைய பாஸ்போர்ட்டுக்காகச் சொல்ல மறுத்த பொய்யை அம்மாவின் விசாவுக்காகச் சொல்ல மாமி ஒரு நிமிடத்தில் சம்மதித்துவிட்டாள். எனக்கு அப்போது வெட்கம் வரவில்லை. நிம்மதிதான் வந்தது. அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டேன். வெட்கம் பிறகு சாவகாசமாக வந்தது, வந்தது இன்னும் போகவில்லை.

5

கோர்ட்டில் நடந்ததை எனக்கு மூன்று பேர் சொன்னார்கள். அம்மா, மாமி, வக்கீல் பெண். மூன்றும் ஏறக்குறைய ஒத்துப்போனதால் நம்புகிறேன். இதற்கிடையில் நான் இங்கே துறைக்கு எழுதி அவகாசம் வாங்கியிருந்தேன்.

மாமி காலையில் அம்மாவிடம் சொல்லாமல், நெய்யாற்றின்கரையில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறேன் என்று சேலை கட்டிக்கொண்டு கிளம்பினாள். அம்மா அதை நம்பவில்லை. கல்யாணத்துக்குப் போகிறவள் ஆதார் கார்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு எதற்குக் கொண்டுபோகிறாள்? பின்னாலேயே அடுத்த பஸ்சில் ஏறியிருக்கிறாள்.

பெயர் கூப்பிட்டதும் மாமி எழுந்தாள். பின்வரிசையில் அம்மாவும் எழுந்தாள்.

"ரெண்டு பேர்ல யாரு கனகம்?" என்று மாஜிஸ்திரேட் கேட்டார். அந்தக் கேஸ் எழுதப்பட்ட பிறகு பிறந்தவராக இருக்க வேண்டும், சின்ன வயதுப் பெண்.

"நான்தான்," என்றாள் மாமி.

"அரிசி கொண்டு போனது நீங்கதானா?"

"ஆமா."

"இல்ல," என்றாள் அம்மா. "பேரு அவளுக்குள்ளது. அரிசி எனக்குள்ளது."

மாமி திரும்பி அம்மாவைப் பார்த்து, "பேசாத இரி, சவமே," என்று சொன்னது முன்வரிசை வரைக்கும் கேட்டதாம். அம்மா கூண்டுக்குப் பக்கத்தில் போய் வலது கைப் பெருவிரலைத் தூக்கிக் காட்டினாள். அந்தக் காகிதத்தில் இருக்கிற கைநாட்டு இந்த விரல்தான், ஒத்துப் பாருங்கள் என்றாள். எழுதத் தெரியும் என்று அம்மா சொன்னதும், பிறகு ஏன் கைநாட்டு வைத்தீர்கள் என்று மாஜிஸ்திரேட் கேட்டார்.

"வேற ஒருத்திக்க பேர எனக்க கையால எழுத மனசு வரல்லம்மா. வாயால சொல்லியாச்சு. எழுதவும் செஞ்சா முழுப் பொய்யா ஆயிப்போவும்லா."

 அம்மாவின் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டார்கள். அன்றைக்கு முடியவில்லை, இன்னும் இரண்டு தடவை போக வேண்டியிருந்தது. கடைசி நாளில் மாமியின் பெயரில் இருந்த வாரண்டை ரத்து செய்தார்கள். அம்மா குற்றத்தை ஒப்புக்கொண்டாள். சின்ன அபராதம், அதோடு கோர்ட் கலைகிற வரைக்கும் காவல். அதாவது அன்றைக்குக் கோர்ட் எழுந்திருக்கிற வரைக்கும் அம்மா அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அதுதான் சிறை.

பதினொன்றரை மணியிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஓரத்து பெஞ்சில் அம்மா தண்டனை அனுபவித்தாள். மாமியும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். உங்களுக்குத் தண்டனை இல்லை, நீங்கள் போகலாம் என்று கோர்ட் ஊழியர் இரண்டு தடவை வந்து சொன்னார். "இவள தனியா பஸ்சுல விட முடியாது சார்," என்று மாமி சொல்லிவிட்டாள்.

அந்த பெஞ்சில் வைத்து மாமி கேட்டாளாம், "நான் அன்னைக்கு கேட்டப்பமே சொல்லியிருந்தா இந்தப் பெகளம் வேண்டாம்லா?"

"நீ இன்னொரு தடவ கேப்பன்னு நெனச்சேன்."

"நீ இன்னொரு தடவ பொய் சொல்லுவியோன்னு பேடிச்சாக்கும் நான் கேக்காம இருந்தது."

அதற்குப் பிறகு இருவரும் அழுதார்களா என்று நான் கேட்டேன். இல்லை என்று அம்மா சொன்னாள். மாமி கொண்டுவந்திருந்த முறுக்கைத் தின்றுகொண்டிருந்தார்களாம். கோர்ட்டுக்குள் தின்னக் கூடாது என்று அதற்கும் ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

நான் ரகசியமாக மாமியைக் கூப்பிட்டது அம்மாவுக்குத் தெரியுமா என்று இன்று வரைக்கும் தெரியாது. மாமி சொல்லியிருக்க மாட்டாள். அம்மா கேட்டிருக்கவும் மாட்டாள். தெரிந்திருக்கும்.

6

போலீஸ் சான்றிதழ் ஒரு வரிக் குறிப்போடு வந்தது. ஆன்சியிடம் மன்னிப்புக் கேட்டு மறுபடியும் உட்கார வைத்தேன். அவள் மன்னிப்பதற்குக் கொஞ்சம் விலை பேசினாள், பள்ளிச் சுற்றுலாவுக்கு அனுமதி. கொடுத்தேன்.

எப்போதாவது குற்றவாளி என்று தீர்ப்பளிக்கப்பட்டதுண்டா? ஆம். சிறைத் தண்டனை உண்டா? ஆம். எவ்வளவு காலம்? அந்தக் கட்டத்தில் வருடம், மாதம் என்று இரண்டு இடம்தான் இருந்தது. இரண்டிலும் பூஜ்யம் போட்டாள் ஆன்சி. படிவம் அதை ஏற்கவில்லை. நாங்கள் இருவரும் அதோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டி, கடைசியில் விளக்கக் கடிதம் ஒன்றைத் தனியாக இணைத்தோம். என்ன எழுத வேண்டும் என்று அம்மாவைக் கேட்டேன். எனக்கு அதில் நல்ல நல்ல வார்த்தைகள் எல்லாம் போட வேண்டும் என்று இருந்தது. வறுமை, அந்தக் காலத்துச் சூழ்நிலை, காய்ச்சலில் கிடந்த குழந்தை.

"அதெல்லாம் எழுதாண்டாம்," என்றாள் அம்மா. "அரிசி கொண்டுவந்தேன், பேரு மாத்திச் சொன்னேன், பொறவு திருத்தினேன். மூணு வரி போதும். உனக்குக் காய்ச்சல் வந்தத ஊரெல்லாம் சொல்லிட்டு நடக்காத."

மூன்று வரிதான் போயிற்று. ஆன்சி அதை அம்மா சொன்ன மாதிரியே ஆங்கிலத்தில் வைத்தாள். நான் திருத்தவில்லை.

கனகம் மாமிக்கு பாஸ்போர்ட் வந்து, விசாவும் வந்து, சென்ற மாதம் டப்ளினுக்குப் போய்விட்டாள். ஷீஜாவுக்கு இரண்டாவது பிரசவம். திரும்பி வர எவ்வளவு மாதம் ஆகும் என்று மாமிக்கே தெரியாது. விமான நிலையத்துக்கு அம்மாவும் போய், வெயிலில் நின்று கையசைத்துவிட்டு, பஸ் பிடித்து ஒற்றைக்கு வீடு வந்து சேர்ந்தாள். இப்போது அடுத்த வீடு பூட்டிக் கிடக்கிறது. யாருக்கு நல்லது செய்ய அம்மா இவ்வளவு தூரம் போனாளோ, அவள் போய்விட்டாள். யாரிடம் வர வேண்டுமோ, அந்த மகனிடம் வர முடியுமா என்று தெரியவில்லை. இதைச் சரி என்று என் புத்தி சொல்கிறது. என் மனதுக்கு அது பிடிபடவில்லை. காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை, வேலை முடிந்து காரில் ஏறியதும் ஒரு தடவை கூப்பிடுகிறேன். இரண்டு தடவை மணி அடித்தும் எடுக்கவில்லை என்றால் உடனே மறுபடியும் அடிக்கிறேன்.

குளியலறைக் கதவின் கொண்டியை எடுத்துவிடச் சொன்னேன். எடுத்துவிட்டாள். வீட்டோடு ஒரு பெண்ணைத் துணைக்கு வைக்கச் சொன்னேன். அது வேண்டாம் என்றாள். துறையிலிருந்து ஒரு பதில் வந்தது. விளக்கம் கிடைத்தது, பரிசீலனையில் இருக்கிறது, எவ்வளவு காலம் ஆகும் என்று சொல்ல இயலாது. இதே மாதிரிக் கடிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நிற்கிறவர்களை எனக்குத் தெரியும்.

நான் ஊருக்குப் போய் நான்கு வருடம் ஆகிறது. முதல் வருடம் வீடு வாங்கினோம். அடுத்த வருடம் ஷீபாவுக்கு வேலை மாறியது. அதற்கு அடுத்தது ஆன்சியின் படிப்பு. எப்படியும் அம்மாதான் இங்கே வரப் போகிறாளே என்று கடைசி வருடம் சும்மா இருந்துவிட்டேன்.

நேற்று வழக்கம்போலக் கூப்பிட்டேன். அம்மா முற்றத்தில் மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். டப்ளினில் குழந்தை பிறந்துவிட்டதாம், பெண் குழந்தையாம், மாமி போட்டோ அனுப்பியிருந்தாளாம். அம்மாவின் குரலில் அவ்வளவு தெளிச்சம் கேட்டு எத்தனையோ நாள் ஆயிற்று. அதைக் கெடுக்கிறேன் என்று தெரிந்தேதான் நான் கேட்டேன். ஒருவேளை விசா கிடைக்காது என்று எழுதிவிட்டார்கள் என்றால் என்ன செய்வது அம்மா?

அம்மா மிளகாயைப் பரப்புவதை நிறுத்தவில்லை.

"கிட்டல்லன்னா நீ இங்கோட்டு வா மக்கா. உனக்க பேருல கேஸ் ஒண்ணும் கெடக்கல்லியே."